ஆறரைக் கிலோ

ஏழு மாதம் நான் ஒரு பெண்ணை எடையில் ஏமாற்றினேன். அவள் தூக்கிய இரும்பில் ஆறரைக் கிலோ கூடுதலாக இருந்தது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவனும் நான்தான்.

சிரிக்கிறீர்களா? ஆறரைக் கிலோ என்ன கொலைக்குற்றமா என்று கேட்கிறீர்களா? நானும் அப்படித்தான் எனக்கே சமாதானம் சொல்லிப் பார்த்தேன்... எடுபடவில்லை. முழுவதையும் கேளுங்கள்.

என் பிழைப்பே எடை போடுவதுதான். வில்லியனூருக்கு மேற்கே ஒரு மாட்டுத்தீவனக் கம்பெனியில் இரவுப் பணி. சோளமும் தவிடும் புண்ணாக்கும் ஏற்றி வருகிற லாரிகளை எடைமேடையில் நிறுத்தி, எடை பார்த்துச் சீட்டுக் கொடுக்க வேண்டும். இரவு பத்து மணிக்கு உள்ளே போனால் காலை ஆறுக்கு வெளியே. ஒன்பது ஆண்டுகளாக இதே நேரம். டிரைவர் உள்ளே உட்கார்ந்திருந்தால் எடை போடமாட்டேன். கிளீனர் படியில் தொற்றிக்கொண்டிருக்கிறானா என்று இறங்கிப் போய்ப் பார்ப்பேன். லாரிக்காரர்கள் என்னைக் கண்டாலே முகத்தைச் சுளிப்பார்கள். குமார் இருக்கும்வரை ஒரு கிலோ ஏமாற்ற முடியாது என்று மேனேஜரே நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். அந்தப் பெயரைச் சட்டைப்பையில் பேனா மாதிரி வெளியே தெரியும்படி குத்திக்கொண்டு திரிந்தவன் நான்.

இரவு வேலை உடம்பை என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியுமா? முதலில் தொப்பை வரும். பிறகு காரணமில்லாத கோபம் வரும். முப்பத்திரண்டு வயதில் எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் வந்து நின்றது. பயந்துபோய்த்தான் ரஃபீக் பாயின் ஜிம்முக்குப் போனேன்.

ரஃபீக் பாய், வில்லியனூர் கடைத்தெருவுக்குப் பின்னால் இரும்புக்கடை வைத்திருப்பவர். கீழே கடை, மேலே ஜிம். இளவயதில் அவரும் எடை தூக்கியவராம். முட்டி தேய்ந்தபிறகு, தூக்குகிறவர்களைப் பார்த்தே அந்த ஆசையைத் தீர்த்துக்கொள்கிறார். மாடியில் இரண்டு நீளக் கம்பிகள், ஒரு பெஞ்சு, கொஞ்சம் பிளேட்டுகள், சுவரில் ஒரு கரும்பலகை. யார் எவ்வளவு தூக்கினார்கள் என்று பாய் தன் கையால் அதில் எழுதுவார். வேறு எவரும் சாக்பீஸைத் தொடக்கூடாது.

எந்த நேரத்தில் தூக்குவது என்பதுதான் எனக்குப் பெரும்பாடாகப் போனது. வேலைக்குப் போகுமுன் மாலையில் தூக்கிப் பார்த்தேன். நடு இரவில் எடைமேடையில் உட்கார்ந்தபடியே தூங்கி, ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்துத்தான் விழித்தேன். பகலில் தூங்கி எழுந்தவுடன் போய்ப் பார்த்தேன். உடம்பு மரக்கட்டை! கடைசியில், வேலை முடிந்த கையோடு, வெயில் தலைக்கு ஏறுமுன் தூக்கிவிட வேண்டும் என்று கண்டுபிடித்தேன். விடிகாலை மூன்று மணிக்குமேல் டீ கூடாது. கம்பெனியை விட்டுக் கிளம்பும்போது ஒரு வாழைப்பழம், இரண்டு முட்டை. வாரத்தின் முதல் இரண்டு காலைகளில்தான் பெரிய எடை. ஐந்தாவது காலை உடம்பில் தூக்கக்கடன் ஏறியிருக்கும், அன்று கை காலை அசைத்தால் போதும். ஜிம்மிலிருந்து சுத்துக்கேணியில் இருக்கும் வீட்டுக்குப் போகும்வரை, வெளிச்சம் தூக்கத்தைக் கலைக்காமலிருக்கக் கறுப்புக் கண்ணாடி. படுக்கிற அறை ஜன்னலுக்குத் தீவனச் சாக்கை மடித்து ஆணி அடித்தேன். இருட்டில் படுத்தால் ஆறு மணி நேரம் தூக்கம் நிச்சயம்.

மூன்று ஆண்டு. தொப்பை போயிற்று. சர்க்கரை இறங்கிற்று. தரையில் கிடக்கும் கம்பியைக் குனிந்து பிடித்து இடுப்பு நிமிரும்வரை தூக்குகிறார்களே, டெட்லிஃப்ட், அதில் நான் நூற்றிருபத்தைந்துவரை போனேன். கரும்பலகையில் முதல் பெயர் என்னுடையது. காலை நேரத்து ஜிம்முக்கு நான் ஒருவனே ராஜா... ஏனென்றால் அந்த நேரத்தில் வேறு யாரும் வருவதில்லை!

அப்போதுதான் அஞ்சலை வந்தாள். போன வருடம் சித்திரையில்.

அவள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா. அவளுக்கும் இரவுப் பணிதான். முப்பது வயது, ஒல்லியான தேகம், எடை ஐம்பத்துநான்கு கிலோ. இரண்டாவது படிக்கிற மகளை இரவில் மாமியார் பார்த்துக்கொள்வார். படுத்த நோயாளிகளைக் கட்டிலுக்கும் ஸ்ட்ரெச்சருக்கும் மாற்றி மாற்றி முதுகு பிடித்துக்கொண்டதாம். முதுகைப் பலப்படுத்துவதைத் தவிர வேறு வழியில்லை என்று அங்கே ஒரு டாக்டர் சொல்ல, பாயிடம் வந்து நின்றாள். பாய் என்னைக் கைகாட்டினார். காலையில் குமார் இருப்பான், அவன் ஒழுங்கான ஆள், கற்றுக்கொடுப்பான் என்றார்.

ஒழுங்கான ஆள்!

கற்றுக்கொடுத்தேன். எனக்குத் தெரிந்த அத்தனையையும் கொடுத்தேன். டீ கணக்கு, முட்டை, கறுப்புக் கண்ணாடி, ஜன்னல் சாக்கு... சாக்கைக்கூட நானே இரண்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் ஒன்றையும் மாற்றாமல் சொன்னபடி செய்தாள். பத்தே நாளில் வந்து, கல்யாணத்துக்கு அப்புறம் இப்போதுதான் கனவு வருகிற அளவுக்குத் தூங்குகிறேன் அண்ணா என்றாள். அதிலிருந்து நான் சொன்னதெல்லாம் அவளுக்கு வேதவாக்கு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அவள் தூக்குகிற விதத்தை எப்படிச் சொல்வேன்!

சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொள்வாள். கம்பியின் முன்னால் நிற்பாள். குனிந்து பிடிப்பாள். பிறகு உதட்டுக்குள் ஏதோ முணுமுணுப்பாள். சாமி பெயர் சொல்கிறாள் என்று முதலில் நினைத்தேன். ஒரு நாள் பக்கத்தில் போய்க் கேட்டேன்.

"தூக்கறேன்... ஒண்ணும் ஆவாது."

நோயாளியைத் தூக்குமுன் சொல்கிற வார்த்தை! வார்டில் சொல்லிச் சொல்லி வாயில் ஊறிவிட்டதாம். சொல்லாவிட்டால் கை எழும்பாதாம். அதைவிட ஆச்சரியம் அவள் இறக்குவது. நானெல்லாம் தூக்கி முடித்தால் தொப்பென்று போடுகிறவன். கீழே கடையில் ஆணி டப்பாக்கள் குலுங்கும், பாய் அண்ணாந்து ஏதாவது சொல்லுவார். அவள் இறக்கினால் ஓசை இருக்காது. நோயாளியைக் கட்டிலில் கிடத்துகிற மாதிரி, தரையில் இரும்பு பட்டதே தெரியாமல் வைப்பாள். தூக்குவதில் பாதிக் கஷ்டமாவது இறக்குவதில் இருக்கிறது. அதைத் தெரிந்தவன் அந்தக் காட்சியைக் கண்டால் வாயடைத்துத்தான் நிற்பான். நான் நின்றேன்.

இனி பிளேட்டுகளுக்கு வருகிறேன்.

ஆடி மாதம் இரண்டு வாரமாக, சில நாள் என்னால் வழக்கமான எடையை அசைக்க முடியவில்லை. மறுநாள் வந்தால் அதே எடை சுலபமாக எழும்பும். தூக்கம் கெட்டுவிட்டதோ என்று குழம்பினேன். பிறகு ஒன்று புலப்பட்டது. முடியாமல் போன நாளெல்லாம் நான் எடுத்தது மஞ்சள் பெயிண்ட் சிந்திய ஒரு ஜோடி. ஜிம்மில் இருபது கிலோ பிளேட் மூன்று ஜோடி இருந்தன. பாய் அந்த மாதம்தான் யாரோ தெரிந்தவரின் பட்டறையில் சொல்லிப் புதிதாக வார்த்து வாங்கியவை. எல்லாவற்றிலும் இருபது என்று வார்ப்பிலேயே எழுதியிருக்கும்.

எடை போடுகிறவனுக்குச் சந்தேகம் வந்தால் சும்மா இருப்பானா? ஒவ்வொன்றாக ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்தில் வைத்துக் கம்பெனிக்குக் கொண்டுபோனேன். மூட்டை நிறுக்கிற தராசில், லாரி வராத நேரமாகப் பார்த்து வைத்தேன். மஞ்சள் சிந்திய ஜோடி இரண்டும் சேர்ந்து நாற்பத்தாறரைக் கிலோ! இருக்க வேண்டியது நாற்பது. இன்னொரு ஜோடி முப்பத்தேழுதான் இருந்தது. மூன்றாவது ஜோடி மட்டும் சரி. பட்டறைக்காரர் அச்சில் ஊற்றியதோடு சரி, தராசைத் திரும்பிப் பார்க்கவே இல்லை போலும்.

மறுநாள் காலை பாயிடம் சொல்லத்தான் போனேன். நம்புங்கள்... சொல்லத்தான் போனேன். பாய் சரக்கு எடுக்கத் தவளக்குப்பம் போயிருந்தார். மஞ்சள் ஜோடியை அவள் கம்பிக்குப் பக்கத்தில் சுவரோரம் சாய்த்துவிட்டு முகம் கழுவப் போனேன். திரும்பி வருவதற்குள் அஞ்சலை வந்து, கையருகே இருந்த அந்த ஜோடியையே மாட்டியிருந்தாள். முந்தின வாரம் அவளுடைய உச்சம் எழுபத்தேழரை. அன்றைக்கு எண்பது போட்டிருந்தாள். அவள் நினைத்தது எண்பது. கம்பியில் இருந்தது எண்பத்தாறரை.

நிறுத்து என்று சொல்ல வாயெடுத்தேன்.

"தூக்கறேன்... ஒண்ணும் ஆவாது."

கம்பி மெதுவாக, ஆனால் எங்கும் நிற்காமல், முழங்காலைத் தாண்டி இடுப்புக்கு வந்தது. அவள் கண் மூடியிருந்தது. கழுத்து நரம்பு ஒன்று துடித்தது. ஒரே எட்டில் ஒன்பது கிலோ! யாராலும் முடியாது என்று நான் யாரிடமும் பந்தயம் கட்டியிருப்பேன். எண்பதுதான் என்று நம்பியதால் எண்பத்தாறரையைத் தூக்கிவிட்டாள்! ஓசையில்லாமல் இறக்கிவைத்துவிட்டு, இன்றைக்கு என்னவோ கொஞ்சம் கனமாக இருந்தது அண்ணா என்று சிரித்தாள்.

எனக்குப் புல்லரித்துப்போயிற்று. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன்.

நாளை வந்தது. நான் சொல்லவில்லை. அதற்குமேல் ஒன்று செய்தேன். அவள் வருமுன்பே மஞ்சள் ஜோடியை எடுத்து அவள் கம்பிக்குப் பக்கத்தில் வைத்தேன். முதல் நாள் தற்செயல். இரண்டாம் நாள் என் கை. அதன்பிறகு ஏழு மாதமும் என் கைதான். எனக்கு நான் முப்பத்தேழு கிலோ ஜோடியை எடுத்துக்கொண்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது? அந்த ஜோடியைப் போட்டுத்தான் நான் நூற்றிமுப்பது தூக்கினேன். பாய் கைதட்டிக் கரும்பலகையில் எழுதினார். உண்மையில் அது நூற்றிருபத்தேழு.

ஏன் செய்தேன்? பொறாமையா? ஆமாம், பொறாமை. மூன்று வருடம் நான் மூச்சைப் பிடித்து ஏறிய படிகளை அவள் சில மாதத்திலேயே ஏறி வந்துகொண்டிருந்தாள். என் எடையில் இருபது கிலோவுக்குமேல் குறைந்தவள்! ஆனால் பொறாமை மட்டும் என்று சொன்னால் அதுவும் பொய். வேறொன்றும் இருந்தது. அவள் உண்மையில் எவ்வளவு தூக்குகிறாள் என்பது இந்த உலகத்தில் எனக்கு ஒருவனுக்கு மட்டும் தெரியும். ஒவ்வொரு காலையும் அந்த அதிசயம் எனக்கு மட்டும் நடந்தது. சொல்லிவிட்டால் பாய்க்குத் தெரியும், ஊருக்குத் தெரியும், டவுனில் நல்ல ஜிம் எதற்காவது கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். கோயில் சாமியை வீட்டில் பூட்டிவைத்துக் கும்பிடுகிறவன் மாதிரி ஆகிவிட்டேன். என் நோட்டின் கடைசிப் பக்கங்களில் அவளுடைய உண்மையான எடைகளைத் தேதி போட்டு எழுதினேன். அவள் பார்த்துவிடக் கூடாதென்று நோட்டை எடைமேடை அறையிலேயே வைத்தேன்.

ஐப்பசி மழைக்காலத்தில் ஒரு நாள், அவள் மஞ்சள் ஜோடியில் ஒன்றை ஒரு கையிலும் சரியான ஜோடியில் ஒன்றை மறுகையிலும் பிடித்துப் பார்த்தாள்.

"இது கைக்கு கனமா கீதேண்ணா?"

எல்லாம் ஒரே வார்ப்புதான், இரவு முழுக்க நின்றுவிட்டு வந்தால் எதுவும் கனமாகத்தான் தெரியும் என்றேன்.

"தராசுக்காரரு நீங்களே சொல்றீங்க... உங்களுக்குத் தெரியாததா?"

வைத்துவிட்டாள். மூன்றே கிலோ வித்தியாசம்! மனித உடம்பைத் தூக்கித் தூக்கிப் பழகிய கை அதைக் கண்டுபிடித்துவிட்டது. அந்தக் கையை நம்பாதே என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

அவளுக்கு ஒரு ஆசை இருந்தது. ஜிம் மாடிப்படியில் உட்கார்ந்து முட்டை உரித்துக்கொண்டே ஒரு காலை சொன்னாள். மாசிக் கடைசியில் பாண்டிச்சேரியில் மாநில அளவில் எடை தூக்கும் போட்டி நடக்குமாம். அதில் மேடை ஏற வேண்டும். ஜெயிக்கவேண்டும் என்றுகூட அவள் சொல்லவில்லை. மேடையில் மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களாமே, அதைக் கேட்க வேண்டுமாம். வார்டில் எட்டு வருடமாக எல்லோருக்கும் அவள் ஆயாம்மா. எண்பது வயதுக் கிழவர்கூட ஆயாம்மா என்றுதான் கூப்பிடுகிறார். வீட்டில் ஏய். தெருவில் மகளின் அம்மா. பெயர் துருப்பிடித்துப்போச்சு அண்ணா என்று சொல்லி முட்டையைக் கடித்தாள்.

ரஃபீக் பாயிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. எப்போதோ பக்குவமில்லாத ஒருவனை அனுப்பி, அவன் மேடையில் தடுமாறி, பாய்க்குத் தலைக்குனிவு ஆயிற்றாம். அதிலிருந்து, தன் கண்ணெதிரே குறிப்பிட்ட எடையைத் தூக்கிக் காட்டினால்தான் பெயர் கொடுப்பார். அஞ்சலைக்கு அவர் வைத்தது நூற்றிருபது.

தை முடிவில் அவள் நூற்றிப்பதினைந்து தூக்கினாள். பிளேட்டில் எழுதியிருந்தபடி நூற்றிப்பதினைந்து. உண்மை எடை நூற்றிருபத்தொன்றரை.

புரிகிறதா உங்களுக்கு? பாய் வைத்த கோட்டை அவள் அன்றைக்கே தாண்டிவிட்டாள்! தாண்டியது அவளுக்குத் தெரியாது, பாய்க்குத் தெரியாது. நான் அன்று வீட்டுக்குப் போகாமல் வழியில் ஒரு கரும்புத் தோட்டத்தோரம் வண்டியை நிறுத்தி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஐம்பத்துநான்கு கிலோ உடம்பு... இரவு முழுக்கப் பன்னிரண்டு நோயாளிகளுக்குப் படுக்கை மாற்றிவிட்டு வந்த உடம்பு... எனக்கு அழுகை வந்தது. பக்தியில் வருமே, அந்த அழுகை. ஆனால் மறுநாள் காலை மறுபடி மஞ்சள் ஜோடியைத்தான் எடுத்துவைத்தேன். இந்த முடிச்சை என்னால் இன்றுவரை அவிழ்க்க முடியவில்லை. அழுதவன் யார், எடுத்துவைத்தவன் யார்?

பெயர் கொடுக்கக் கடைசி நாள் வந்தது. பாய் முட்டிவலியோடு மாடியேறி வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கம்பியில் நூற்றிருபது பூட்டியது நான். மஞ்சள் ஜோடி உள்பக்கம். உண்மையில் நூற்றிருபத்தாறரை. பாய் இருக்கிறார், ஜோடியை மாற்றிவிடு என்று உள்ளே ஒன்று கத்திக்கொண்டே இருந்தது. மாற்றினால் ஏன் என்று கேட்பாரோ என்றொரு பயம். அதைவிடப் பெரிதாக இன்னொன்று... இதையும் தூக்கிவிடுவாளோ? நூற்றிருபத்தாறரையை இவள் தூக்குவதைப் பார்த்துவிட்டால், பிறந்ததற்கு அது போதாதா? அப்படியும் நினைத்தேன். அவள் வாழ்க்கையை வைத்து நான் வேடிக்கை பார்த்தேன்.

முதல் முறை கம்பி தரையை விட்டு எழும்பவில்லை. இரண்டாம் முறை ஒரு சாண் எழும்பியது. மூன்றாம் முறை முழங்காலுக்கு வந்தது. நின்றது. பாய் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். அவள் கால்கள் நடுங்கின. கண்ணோரம் நீர் இறங்கியது. கம்பி மேலே போகவும் இல்லை, கீழே வரவும் இல்லை. வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் கைவிட்டிருப்பார்கள். அவள் இறக்கினாள். தோற்றபோதும் ஓசையில்லாமல் இறக்கினாள்!

பாய், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் மகளே என்று அவள் தலையைத் தொட்டுவிட்டுக் கீழே போனார்.

அவள் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். உள்ளங்கை தோல் கிழிந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எனக்கு இன்னாண்ணா கொறை? தெனம் பாக்குறீங்களே... நீங்க சொல்லுங்க."

கேட்டுவிட்டாள். நேராக, என்னைப் பார்த்து. இதைவிடப் பெரிய வாசலை எந்தக் கடவுள் திறந்து வைப்பார்? உனக்கு ஒரு குறையும் இல்லை தாயே, குறை என்னிடம் என்று ஒரு வார்த்தை. பாய் இன்னும் படி இறங்கி முடிக்கவில்லை, அவர் முட்டி ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்குவது கேட்டது. கூப்பிட்டால் திரும்பியிருப்பார்.

"தூக்கம்தாம்மா கொறை. நைட் டூட்டி ஒடம்பு இல்ல... அதுக்கு ஒரு அளவு கீது. அவ்ளோதான் வரும்."

இதுதான் நான் சொன்னது. எழுத்து மாறாமல் சொல்லியிருக்கிறேன். என் பொய்க்கு இரவு வேலையைச் சாட்சிக்கு இழுத்தேன். இரவு வேலை பார்த்துக்கொண்டும் உடம்பை வளர்க்கலாம் என்று அவளுக்குக் காட்டிய அதே வாயால்!

அவள் தலையாட்டினாள். சந்தேகப்படவில்லை. முட்டையும் சாக்கும் கறுப்புக் கண்ணாடியும் சரியாக இருந்தபோது, இது மட்டும் எப்படித் தவறாக இருக்கும்?

இரண்டு வாரம் கழித்து இனிப்போடு வந்தாள். பகல் பணிக்கு மாற்றிக் கேட்டு வாங்கிவிட்டாளாம். நீங்கள் சொன்னதைத்தான் அண்ணா யோசித்தேன், இனி ராத்திரி தூங்கி உடம்பைத் தேற்றி அடுத்த வருடம் தூக்கிவிடுவேன் என்றாள். பகல் பணி என்றால் காலை ஏழுக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். காலையில் ஜிம்முக்கு வர முடியாது. மாலையில் இரண்டு கம்பிக்கு முப்பது பையன்கள் முண்டியடிப்பார்கள். மகளுக்கும் அதுதான் வீட்டுப்பாட நேரம். இதெல்லாம் அவளுக்கு உறைக்குமுன் எனக்கு உறைத்தது. ஒரு மாதம் மாலையில் வந்து பார்த்தாளாம், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அப்புறம் அதுவும் இல்லை என்று பாய்தான் சொன்னார். நல்ல பிள்ளை, பாதியில் விட்டுவிட்டது என்று வருத்தப்பட்டார். இனிப்பை நான் தின்றேனா என்று கேட்கிறீர்களா? தின்றேன். அவள் எதிரிலேயே தின்றேன்.

அவள் போனபிறகு ஒரு காலை, யாருமில்லாத ஜிம்மில், கம்பியில் அன்று பூட்டியபடியே பூட்டினேன். மஞ்சள் ஜோடி, நூற்றிருபத்தாறரை. எனக்கு எழுபத்தெட்டுக் கிலோ உடம்பு, நான்காண்டுப் பழக்கம், வாரத்தின் முதல் காலை, வயிற்றில் முட்டை. ஒருமுறை நூற்றிருபத்தேழு தூக்கிய உடம்புதான், இருந்தும் முழங்கால்வரைதான் வந்தது. அவளுக்கு நின்ற அதே இடத்தில் நின்றது. அங்கே நிற்பது என்னவென்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்! ஒரு நொடிகூடத் தாங்கவில்லை, தடாலென்று விழுந்தது. கீழே டப்பாக்கள் சிதறின. பாய் கத்தினார். அதை அவள் ஓசையில்லாமல் இறக்கினாளே... எப்படி இறக்கினாள்?

போன மாதம் அப்பாவுக்குக் காய்ச்சல் முற்றி, எழுந்து நிற்க முடியாமல் போயிற்று. நடவு வேலையில் மழையோடு மழையாக நின்றிருந்தார். அஞ்சலை வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனோம். அவள் இருப்பாள் என்று தெரிந்துதான் போனேனா, தெரியாத மாதிரி போனேனா... விடுங்கள். வார்டு வாசலில் சக்கர நாற்காலியில் அப்பாவைத் தள்ளிக்கொண்டு நின்றபோது அவளே வந்தாள். முகம் தெளிந்திருந்தது. லேசாகச் சதை போட்டிருந்தாள். இன்னாண்ணா அப்பாவா என்று கேட்டுக்கொண்டே குனிந்தாள். நான் கைகொடுக்குமுன்பே ஒரு கையை அவர் முதுகுக்குப் பின்னாலும் ஒரு கையை முழங்காலுக்குக் கீழும் கொடுத்தாள்.

"தூக்கறேன்ப்பா... ஒண்ணும் ஆவாது."

வாழ்நாளெல்லாம் யாரிடமும் கைநீட்டாத என் அப்பா, பயப்படாமல் கண்ணை மூடிக்கொண்டார். கட்டிலில் அவர் கிடத்தப்பட்ட ஓசைகூடக் கேட்கவில்லை. போர்வையை இழுத்துவிட்டபடி, அப்பா ஐம்பத்தாறு கிலோ இருப்பார் இல்லையா என்றாள். சட்டைப்பையில் மடித்துவைத்திருந்த சேர்க்கைச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். கீழ்த்தளத்தில் சக்கர நாற்காலியோடு நிறுத்து, நாற்காலி எடையைக் கழித்து எழுதியிருந்தார்கள். ஐம்பத்தாறு.

இந்தக் கையையா பொய் சொல்கிறது என்றேன்!

"அஞ்சல... உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவள் நிமிர்ந்து, நான் நன்றி சொல்லப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டாள் போல, கூச்சப்பட்டுச் சிரித்தாள்.

"நான்தாண்ணா உங்களுக்குச் சொல்லணும். இப்ப ராத்திரில நல்லா தூங்குறேன். நீங்க சொன்னது சரிதான்... நம்ம ஒடம்புக்கு அவ்ளோதான் அளவு. தெரிஞ்சதும் நிம்மதியாப் பூட்ச்சு. அந்த ஆசையெல்லாம் வுட்டுட்டேன்."

மூன்றாவது கட்டிலிலிருந்து யாரோ ஆயாம்மா என்று கூப்பிட்டார்கள். வந்துட்டேன் என்று போய்விட்டாள்.

அப்பா அங்கே ஐந்து நாள் இருந்தார். ஐந்து நாளும் அவளைப் பார்த்தேன். ஐந்து நாளும் சொல்லவில்லை. நிம்மதியாக இருப்பவளை ஏன் கலைப்பது என்று இப்போது புதுச் சமாதானம் ஒன்று கிடைத்திருக்கிறது எனக்கு. அது அவள் நிம்மதிக்காகவா, என் நிம்மதிக்காகவா? உங்களுக்கே தெரிந்திருக்கும்.

கரும்பலகையில் இன்னும் இருக்கிறது: குமார், நூற்றிமுப்பது. கீழே அஞ்சலை, நூற்றிப்பதினைந்து. இரண்டும் பொய். தினமும் காலை அந்தப் பலகைக்கு எதிரில்தான் குனிகிறேன். சாக்பீஸ் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

நூற்றிருபத்தொன்றரை. தை மாதத்திலிருந்து அந்த எண்ணை நான் ஒருவனே வைத்திருந்தேன். இப்போது உங்களுக்கும் தெரியும். அவளுக்கு மட்டும் இன்னும் தெரியாது.